அண்ணி அழிக்கச் சொன்ன ஹார்ட் டிஸ்க்

என் அண்ணன் பஸ்ஸில் இறந்தார். சென்னையில் ஏதோ ஒரு கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு மன்னார்குடி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். விடியும் நேரத்தில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது, இறங்க வேண்டியவரை எழுப்ப வந்த கண்டக்டர் தோளைத் தட்டியிருக்கிறார். தலை கம்பியில் சாய்ந்தது சாய்ந்தபடியே இருந்திருக்கிறது. மாரடைப்பு என்றார்கள். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தவர். அங்கே கம்பெனிகள் வரிசையாக ஆள்குறைப்புச் செய்த காலத்தில் அவருடைய வேலையும் போனது. மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார். 'கொஞ்ச நாள்தான்' என்றார். தஞ்சாவூரில் சொல்லி வாங்கிய கம்ப்யூட்டரை மாடி அறையில் வைத்து, டெலிபோன் லைனில் இன்டர்நெட்டும் போட்டுக்கொண்டார். அப்பா என்ன செய்கிறாய் என்று கேட்டபோது, "வீட்டுலேர்ந்தே வேலை பாக்குறேம்ப்பா. ஒரு ப்ரோக்ராம் எழுதிக்கிட்டிருக்கேன், முடிஞ்சா பெருசா வரும்" என்று சொல்லியிருக்கிறார்.

அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஒரு காலத்தில் நிறைய நிலம் வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் படிப்புக்கும் இன்னதுக்கும் என்று விற்றது போக மிஞ்சியது குத்தகையில் இருந்தது. அம்மா எப்போதோ போய்விட்டாள். அப்பாவுக்கு வெளியே சொல்லிக்கொள்ள அண்ணன் ஒருவர்தான். கூட்டுறவு சங்கத்திலும் டீக்கடையிலும், "அமெரிக்காக்காரன் காத்துக்கிட்டிருக்கான். எழுதி முடிச்சு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி" என்பார். மத்தியானங்களில் மாடிப்படியின் கீழ் ஈசிசேரைப் போட்டுக்கொண்டு, மேலே கீபோர்டு தட்டும் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருப்பார்.

அண்ணன் போன பிறகும் அந்த அறை அப்படியே இருந்தது. கம்ப்யூட்டர்மேல் ஒரு துண்டைப் போர்த்தி, தினமும் அப்பாவே தூசி தட்டினார். அந்த ஐப்பசியில் ஒரு பெரிய இடி விழுந்தது. டெலிபோன் லைன் வழியாக ஏறி கம்ப்யூட்டரைக் கருக்கிவிட்டது. நான் தஞ்சாவூரில் ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து பிரித்துப் பார்த்தபோது மதர்போர்டில் கருகல் வாடை அடித்தது. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிப் போய் லேபில் மாட்டினேன். டிஸ்க் கெடாமல் சுற்றியது. ஊருக்குத் திரும்ப எடுத்துவந்தேன்.

"உள்ள இருக்கறதெல்லாம் போச்சா?" என்று அப்பா கேட்டார்.

"இல்லப்பா. இது ஒண்ணு தப்பிச்சிருக்கு."

அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒரு புது வேட்டியில் சுற்றிப் பீரோவில் வைத்தார். அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார் என்று அண்ணி பிறகு சொன்னாள்.

அண்ணி பி.காம். படித்தவள், டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். மேட்டூரில் தண்ணீர் இல்லை என்று குறுவை தொடர்ந்து பொய்த்த காலம் அது. குத்தகைக்காரர் வந்து வாசலில் நின்று தலையைச் சொறிந்துவிட்டுப் போவார். யாரையும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது என்று, நீடாமங்கலத்தில் பத்திர ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையைப் பிடித்தாள். பத்திரம், பட்டா மாற்றும் மனு, வெளிநாடு போகிறவர்களின் விண்ணப்பம் எல்லாம் டைப் செய்துகொடுக்கலாம் என்று எண்ணம். மூடிக்கொண்டிருந்த ஒரு பிரௌசிங் சென்டரில் மலிவாக ஒரு கம்ப்யூட்டர் கிடைத்தது. அதில் ஹார்ட் டிஸ்க் இல்லை.

"தம்பி, அவரோட டிஸ்க் இதுல சேருமாங்க?" என்று போனில் கேட்டாள்.

"சேரும் அண்ணி. ஆனா அப்படியே ஓடாது. அந்த போர்டுக்குப் போட்ட விண்டோஸ் இதுல எந்திரிக்காது. அழிச்சுட்டுப் புதுசாத்தான் போடணும்."

அவளே போய் மாமனாரிடம் கேட்டாள். அப்பா மறுக்கவில்லை. "எடுத்துக்க. ஆனா அவன் எழுதினதை மொதல்ல தனியா எடுத்து எங்கிட்டக் குடுத்துடணும்" என்றார். என்னிடம், "காலேஜுல பெரியவங்க யாருக்கிட்டயாவது காட்டு. முடிக்காம விட்டிருந்தாலும் பரவால்ல, அந்தக் கம்பெனிக்கு அனுப்பிவை. அவன் பேரு நிக்கட்டும்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணியும் குழந்தையும் தஞ்சாவூரில் என் வீட்டுக்கு வந்தார்கள். வேட்டித் துணியோடு டிஸ்க்கைப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அதன் பின்பக்கத்தில் ஜம்பர் என்கிற சின்னச் செருகியை மாற்றிவைத்து, என் கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டினேன். கொஞ்சம் தயங்கிவிட்டுத் திறந்தது. கரகரவென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. குழந்தையை என் மனைவி அடுக்களைக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

முதலில் போட்டோக்களை எடுக்கச் சொன்னாள். பனியில் நின்ற படங்கள், குழந்தை பிறந்தபோது எடுத்தவை. அவற்றை சிடியில் எழுதினேன். பிறகு அப்பா கேட்டதைத் தேடினேன். 'ப்ராஜெக்ட்' என்றே ஒரு ஃபோல்டர் இருந்தது. திறந்தால் காலி. மறைந்திருக்கிறதோ என்று வேறு வழியிலும் தேடிப்பார்த்தேன். அதைச் சுற்றி இருந்ததெல்லாம் கம்பெனிப் பெயர் போட்ட ஃபோல்டர்கள். ஒவ்வொன்றிலும் அதே பயோடேட்டா. ஒன்றில் அனுபவத்தைக் கூட்டியிருந்தார். இன்னொன்றில், வயது தெரியக் கூடாது என்றோ என்னவோ, படித்து முடித்த வருஷத்தை எடுத்திருந்தார். மலேசியாவுக்கு, துபாய்க்கு, கோயம்புத்தூரில் ஒரு மில்லுக்குக்கூட. கடைசியாக வந்ததில் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் வேலைக்குக் கேட்டிருந்தார். அது நான் என் லேபில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை.

நான் திரும்பி அண்ணியைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"பக்கத்துலயே உக்காந்திருந்தவளுக்குத் தெரியாதா தம்பி? காலையில ரெண்டு அனுப்புவாரு. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் கம்ப்யூட்டர்லயே சீட்டாட்டம். மாமா கீழ படுத்திருக்காங்கன்னு சும்மாவே கீபோர்டைத் தட்டிக்கிட்டிருப்பாரு. நான் காப்பி எடுத்துக்கிட்டுப் போறப்பப் பாத்திருக்கேன்."

"அப்பாகிட்ட என்ன அண்ணி சொல்றது?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லாதீங்க. அழிச்சுடுங்க."

"சிடியில எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கலாமே. உங்ககிட்டயே இருக்கட்டும்."

"வேண்டாம். இருந்தா என்னைக்காவது யாராவது திறப்பாங்க. உள்ள ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சா மாமா தாங்க மாட்டாங்க. மருமக தெரியாம அழிச்சுட்டான்னு சொல்லிடுங்க. என்னைத் திட்டிட்டுப் போறாங்க." அடுக்களைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, "எனக்கும் இதைப் பாக்கப் பிடிக்கல. அவரு மேல எனக்குக் கோவமும் இருக்கு தம்பி. என்கிட்டகூட ஒரு நாளும் வாயத் திறந்து சொல்லல" என்றாள்.

நான் மவுஸில் கை வைத்தபடி அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். அவளே எழுந்து வந்து, "எதை அழுத்தணும், சொல்லுங்க" என்றாள். காட்டினேன். அழுத்தினாள். முடியும் வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு அடுக்களைக்குப் போய்க் குழந்தைக்குத் தலை பின்னிவிட்டாள்.

அடுத்த வாரம் நீடாமங்கலத்துக்குப் போய் அவளுடைய கம்ப்யூட்டரில் அந்த டிஸ்க்கை மாட்டி விண்டோஸ் போட்டுக்கொடுத்துவிட்டு, ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன், அண்ணி சொல்லச் சொன்னபடியே. அப்பா கத்தவில்லை. ஈசிசேரிலிருந்து எழுந்து உள்ளே போனார். சாயங்காலம் அண்ணி வந்து நின்றபோது, அவளிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார்: "எம்புள்ளைய ரெண்டாந் தடவ எரிச்சுட்டா."

குழந்தை அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அதற்குப் பிறகு அப்பா அவளோடு பேசவேயில்லை. அவள் வைத்த சோற்றைத் தொடாமல் மெஸ்ஸிலிருந்து எடுத்துவரச் சொன்னார். ஊரில் அவர் சொல்லும் கதை மாறியது. அமெரிக்காக்காரன் கேட்டனுப்பினான், எல்லாம் முடியும் தறுவாயில் இருந்தது, மருமகள் டைப் அடிக்க வேண்டும் என்று துடைத்துப் போட்டுவிட்டாள். பத்திர ஆபீஸுக்கு வருகிறவர்கள்கூட அவளைப் பார்த்து, "அந்தம்மா இதுதான்" என்று பேசிக்கொண்டார்களாம். அவள் மகளோடு நீடாமங்கலத்திலேயே ஓர் அறை பார்த்துப் போய்விட்டாள். நன்னிலத்திலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் வெளிநாடு போகிற பையன்கள் அவளிடம் பயோடேட்டா அடிக்க வருவார்கள். அந்த டிஸ்க் பல வருஷம் உழைத்தது என்று சொல்வாள். பிறகு ஒரு நாள் அதுவும் நின்றது. பழைய இரும்புக்காரனிடம் போட்டாள்.

அப்பா படுக்கையில் விழுந்தபோது அண்ணி வந்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு தரம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் வாயெடுத்தேன். அவள் கண்ணாலேயே தடுத்தாள். அவர் அந்தக் கோபத்தோடுதான் போனார். அந்த நம்பிக்கையோடும்தான்.

இப்போது அண்ணன் மகள் ஹைதராபாத்தில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறாள். லீவு நாட்களில் தாத்தா வீட்டுக்குப் போய், அவர் சொன்ன கதையைக் கேட்டே வளர்ந்தவள். அம்மாவோடு அளந்துதான் பேசுவாள். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது, என்னிடம் கேட்டாள்:

"சித்தப்பா, அப்பா எழுதினது எந்த மாதிரி ப்ரோக்ராம்? உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா? நானே திரும்ப எழுதிப் பாக்கலாம்னு இருக்கேன்."

அதற்கு மேலும் என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். காலி ஃபோல்டரை, மில்லுக்குப் போட்ட மனுவை, அவள் அம்மா அழுத்தியதை. அவள் கடைசி வரை கேட்டாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"நீங்க அம்மாவுக்காகப் பேசுறீங்க சித்தப்பா" என்றாள். "எங்கப்பா அப்படிப்பட்ட ஆள் இல்ல."

காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. அன்று மாலையே அவள் கிளம்பிவிட்டாள். மறுநாள் அண்ணி போன் செய்தாள்.

"எதுக்குத் தம்பி அவகிட்டச் சொன்னீங்க?"

"உங்களைத் தப்பா நெனச்சிக்கிட்டிருக்காளே அண்ணி."

"என்னைத்தான தப்பா நெனச்சிக்கிட்டிருந்தா" என்றாள். "இப்ப ராத்திரியெல்லாம் அவரைப் பத்தி யோசிப்பா." மேலே ஏதோ சொல்ல வந்தவள், யாரோ பத்திரம் அடிக்க வந்துவிட்டார்கள் என்று போனை வைத்துவிட்டாள்.