நார்ப்பாய் அறை

இன்று செவ்வாய், காலை ஏழு மணி பத்து நிமிடம், விட்டுவிட்டுத் தூறல். பொம்மனஹள்ளியில் மகளின் ஃபிளாட் வாசலில் நனைந்து கிடந்த மிதியடியின் தேங்காய்நார் வாடை, என்னை நீலசந்திராவில் எங்கள் கிரிக்கெட் கிளப்பின் தகர அறைக்குள் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டது.

ஆடுகளத்தில் விரித்து ஆணியடிக்கும் நார்ப்பாயைச் சுருட்டி வைக்கும் அறை அது. எட்டடிக்கு ஆறடி, ஒரே ஜன்னல். பாயின் ஈர வாடையும் கூரையின் சூடும் மூச்சை அடைக்க, பத்து வயதிலிருந்து ஞாயிறுதோறும் அங்கேதான் ஸ்கோர் எழுதினேன். என் அப்பா பிறப்பதற்கு முன்பே தொடங்கிய கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது: புத்தகத்தைத் தொட்டவன் கடைசிப் பந்துவரை எழுந்திருக்கக் கூடாது, ஒன்றுக்குப் போவதென்றாலும் இடைவேளையில்தான். யாராவது மாற்றி எழுத வந்தால், ஒரு லெக் பை விட்டுப்போயிற்று, ஒரு வைட் கூடிவிட்டது என்று குற்றம் சொல்லி நானே விரட்டினேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

ஒருநாள் எங்கள் அணியில் ஓர் ஆள் குறைந்தது. கேப்டன் தாஸ் அண்ணன் ஜன்னல் பக்கம் வந்தபோது, சட்டைக் கையை மடித்துக்கொண்டு கேட்டேன்.

"அண்ணே, நான் ஆடட்டா?"

"நீ பேட் எடுத்தா புக்கு யார்ரா எழுதுறது? நீ ஒருத்தன்தான் தப்பில்லாம எழுதுறவன், வாத்தியாரே! பத்து பேர வெச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம், சும்மா குந்து."

வெளியே எல்லோரும் சிரித்தார்கள். உட்கார்ந்தேன். பள்ளி முடிந்து, வேலை கிடைத்து, அந்த மைதானம் வண்டி நிறுத்துமிடம் ஆகும்வரை உட்கார்ந்தே இருந்தேன். கூட்டிப் பார்த்துவிட்டேன்: பதினோரு வருடம், நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டம், நான் சந்தித்த பந்து ஒன்றுகூட இல்லை.