இங்கிரிட் சிஸ்டரின் ஆடைக் கஞ்சி

செய்தியைத் திண்டிவனம் பஸ் கண்டக்டர்தான் கொண்டுவந்தார். மருந்துப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "உங்க வெள்ளக்கார சிஸ்டர் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில தவறிப் பூட்டாங்களாம்மா" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சிகிச்சைக்குப் புறப்படும்போதுகூட, தான் திரும்பி வரும்வரை சமையலறை அடுப்பைத் தொடக்கூடாது என்று என்னை மிரட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

இங்கிரிட் சிஸ்டர் நார்வே தேசத்துக்காரர். செஞ்சியில் எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தவர். நான் அவருக்குக் கீழே நர்ஸ். அன்பே உருவானவர் என்று நான் எழுதினால், அவரை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். வலியில் அலறுகிறவளிடம், "இன்னா கத்தற? ராஜகிரி மலை இடிஞ்சி உன் மேலயா உழுந்துது?" என்பார். தமிழை வார்டில் படுத்திருந்த பெண்களிடம் கற்றவர் என்பதால் அவர் வாயில் செஞ்சிப் பேச்சுதான் வரும்.

அவர் ஊரில் ஒரு வழக்கம். பிள்ளை பெற்றவளுக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் கஞ்சி காய்ச்சி எடுத்துப் போவார்களாம். புளித்த பாலாடையைக் கொதிக்கவைத்து, கோதுமை மாவைத் தூவிக் கிண்டினால் நெய் பிரிந்து மேலே வரும். அதை வழித்து வைத்துக்கொண்டு, பால் ஊற்றி இறுகக் காய்ச்சி, கடைசியில் அந்த நெய்யையே மேலே விட்டு, சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவவேண்டும். நெய் பிரியாவிட்டால் அவருடைய அம்மா அகப்பையால் மணிக்கட்டில் அடிப்பாராம். அதைப் பெருமையாகச் சொல்வார். ஒருமுறை நான் கிண்டியபோது அடிபிடித்துவிட்டது. சிஸ்டர் அகப்பையை வாங்கி என் மணிக்கட்டில் ஒன்று வைத்தார். அம்மாவின் சமையலை அடி உட்பட அப்படியே கற்றுக்கொண்டிருந்தார்.

அம்மா விதித்தவை என்று இரண்டு சொல்வார். காய்ச்சியவளே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். யாராவது குறை சொன்னால் வாதாடக்கூடாது, மறுநாளும் காய்ச்சவேண்டும். இந்த இரண்டாவதுதான் அவரைப் படுத்தியது.

பக்கத்து ஊரான சிங்கவரத்தில் குப்பம்மாள் என்று ஒருத்தி. அவள் மருமகள் வள்ளிக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டது. அந்த ஆத்திரத்தில் குப்பம்மாள், பத்தியம் என்ற பெயரில் அவளைப் பட்டினி போட்டாள். தண்ணீர்கூட நாக்கு நனையத்தான். ஜுரம் ஏறிப் பிதற்றத் தொடங்கிய பிறகே எங்களுக்கு ஆள் வந்தது. சிஸ்டர் தொட்டுப் பார்த்து ஊசி போட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகக் குப்பம்மாள் சம்மதிக்கவில்லை. இனித் தாங்காது என்று சிஸ்டர் என்னிடம் மட்டும் சொன்னார். வள்ளி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பசிக்குதும்மா" என்றாள்.

சிஸ்டர் சைக்கிளில் திரும்பி வந்து கஞ்சி காய்ச்சி எடுத்துப்போனார். பச்சை உடம்புக்காரிக்குப் புளித்த ஆடையைக் கொடுத்தால் ஜன்னி கண்டுவிடும் என்று குப்பம்மாள் வாசலை மறித்தாள். சிஸ்டர் அவளை ஒரு தள்ளு தள்ளிவிட்டு உள்ளே போனார். வள்ளி கிண்ணத்தை வழித்து நக்கினாள். மறுநாள் செத்துப்போனாள்.

அப்புறம் கேட்கவேண்டுமா? வெள்ளைக்காரி கஞ்சி கொடுத்துக் கொன்றுவிட்டாள் என்று சந்தை முழுக்கப் பேச்சு. பிரசவ வார்டில் கட்டில்கள் காலியாகக் கிடந்தன. நடந்ததை ஊருக்குச் சொல்லுங்கள் என்று நான் கெஞ்சினேன். "அவ கேக்கட்டும், சொல்றேன். கேக்காதவ காதுல ஊத்துனா வெளிய வழிஞ்சிடும்" என்றார். குப்பம்மாள் கேட்கவே இல்லை.

பிறகு அவள் மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். குழந்தை குறுக்கே கிடந்தது. வேறு போக்கில்லாமல் குப்பம்மாள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். சிஸ்டர் பையை எடுத்துக்கொண்டு போய், இரண்டு உயிரையும் காப்பாற்றினார். மறுநாள் கஞ்சியோடு போனோம். குப்பம்மாள் பாத்திரத்தை வாங்கி, எங்கள் கண்ணெதிரிலேயே நாய்க்கு ஊற்றினாள்.

நாய் நக்கி முடிக்கும்வரை சிஸ்டர் நின்று பார்த்தார். "நாய்க்குப் புடிச்சிருக்குது. நாளைக்கும் எடுத்தாறேன்" என்று பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். சொன்னபடி மறுநாளும் எடுத்துப்போனார், நாயும் குடித்தது. திரும்பும்போது சைக்கிளில் ஏறாமல் செஞ்சி வரைக்கும் தள்ளிக்கொண்டே நடந்தார்.

வருஷங்கள் கழித்து, சிஸ்டர் இறந்த செய்தி வந்த அன்று சாயங்காலம் குப்பம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தள்ளாத வயது. சிஸ்டர் போய்விட்டது நிஜமா என்று விசாரித்துவிட்டு, போகாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு வள்ளிக்குக் குடுத்த கஞ்சியில இன்னா போட்டிருந்தாங்க?"

"ஆடை, மாவு, பாலு. உன் நாய் ரெண்டு நாளு குடிச்சுதே, செத்தா போச்சு?"

"அப்போ அவ எதுல செத்தா?"

சிஸ்டர் இத்தனை காலம் காத்திருந்த கேள்வி இதுதான். பதில் சொல்ல அவர் இல்லை. எல்லாம் விதி என்று சொல்லி நான் கிழவியை அனுப்பியிருக்கலாம். ஊரில் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

"உன் வூட்டுலயே ஜொரம் வந்துடுச்சி. அதோட நீ பட்டினி போட்ட. கஞ்சி போய்ச் சேர்றதுக்குள்ள அவ பாதி செத்திருந்தா" என்றேன்.

குப்பம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் கை கொடுத்துத் தூக்கவில்லை. உள்ளே போய், தொடாதே என்று சொல்லிப்போன அடுப்பை மூட்டி, ஆடைக் கஞ்சி காய்ச்சினேன். நெய் பிரிந்து வந்தது. கிண்ணத்தில் ஊற்றி அவள் கையில் கொடுத்தேன். அழுதுகொண்டே குடித்தாள். கடைசி வாய் உள்ளே போகும்வரை எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கிரிட் சிஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கஞ்சியும், அதைக் கொடுத்துவிட்டு நகராமல் நிற்கிற இந்தக் கல்நெஞ்சும்தான்.