கிராணி கார், டிரசர் கார்

பட்டறைத் தொழிலில் காரைப் பழுது பார்ப்பது சுலபம். பழுதே ஆகவில்லை என்று சாதிக்கும் ஆளைச் சமாளிப்பதுதான் கஷ்டம். கை கறுத்துப்போன பட்டறைக்காரர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்ன?

எண்பதுகளில் கோலசிலாங்கூர் சாலையோரம் எனக்கு ஒரு பட்டறை இருந்தது. பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இரண்டு ஜப்பான் கார்கள். ஆபீஸ் கணக்கு பார்த்த கிராணியாருடையது நீலம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த டிரசருடையது வெள்ளை. கம்பெனிகள் வேறு வேறு. பெயர் வேண்டாம், இரண்டுமே இன்னும் கார் விற்கின்றன. எது உசத்தி என்பதில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது.

வாழைமரத்துக்குப் பின்னால்

கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் கார் பட்டறைக்கு வருவது அபூர்வம், ஒத்துக்கொள்கிறேன். வந்தால், அதற்கு வேண்டிய உதிரிச் சாமான் கோலாலம்பூரில்கூட இருக்காது. சிங்கப்பூரிலிருந்து வரும்வரை காரை என் வாழைமரங்களுக்குப் பின்னால் தள்ளி, படுதா போட்டு மூடச் சொல்வார். டிரசர் பார்த்துவிடக் கூடாதாம். ஒரு வருஷம் தீபாவளியே படுதாவுக்குள் கழிந்தது. கார் எங்கே என்று கேட்டவர்களிடம் அவர் சொன்னது:

"காருக்கு ஒண்டுமில்லை. டொக்டர்தான் என்னை நடக்கச் சொன்னவர்."

அசதி

டிரசரின் கார் நேர் எதிர். மாதம் ஒருமுறை இருமாமல் இருக்காது. ஆனால் சாமான் ரவாங்கில் எந்தக் கடையிலும் தொங்கும், விலையும் சல்லிசு. காலையில் விட்டால் மாலையில் ஓட்டிப் போய்விடலாம். தோட்டத்தில் யார் எந்த நோவைச் சொன்னாலும் ஒரே சிவப்புத் தண்ணீரைக் கலக்கிக் கொடுக்கும் மனிதர், தன் காருக்கு நோவு என்று மட்டும் சொல்லமாட்டார்.

"பழுது இல்ல லா, அசதி. கிராணிகிட்ட சொல்லிடாதீங்க."

கெர்லிங்கில் நிச்சயம்

இரண்டு பேரும் புதுக் கார் வாங்கப் போவதாகவும், பழையதை விற்கப் போவதாகவும் பேச்சு வந்தது. தோட்டத்து ஆட்களை மேய்த்த மண்டோர் மாரிமுத்து அப்போதுதான் ஓய்வு பெற்று, தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தவர். சேமநிதிப் பணத்தில் இரண்டில் ஒன்றை வாங்கி, ஆட்களை ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் ஏற்றிப் போய்ப் பிழைக்கலாம் என்று இருந்தார். தப்பான காரை வாங்கினால் கிழவனும் கிழவியும் பட்டினி.

மாப்பிள்ளை வீட்டில் நடந்த மகளின் நிச்சயத்துக்குக் கெர்லிங் போக இரண்டு காரையும் கேட்டார். பெருமைக்கு இருவரும் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல், 'ஸ்பேனர் பெட்டியோடு என் காரில் ஏறிக்கொள்' என்று தனித்தனியாக என்னிடம் வந்தார்கள். நான் எதிலும் ஏறாமல் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன்.

வெள்ளைக் கார் வழியில் செரண்டாவில் நின்றது. பெல்ட் மாற்றினேன், பெண்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் கிளம்பியது. நீலக் கார் ராஜா மாதிரி கெர்லிங் போய்ச் சேர்ந்தது. திரும்பும்போதுதான் உயிர் வரவில்லை. சாமானுக்குச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளை வீட்டு வாசலிலேயே படுதா போட்டு மூடிவிட்டு வந்தோம். மாப்பிள்ளையின் அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மண்டோருக்குச் சொல்லியனுப்பினார்:

"சீர்ல காரும் உண்டுன்னு சம்பந்தி முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

பெரட்டு

மண்டோர் வெள்ளைக் காரை வாங்கினார். தோட்டமே சிரித்தது. இரண்டு காரின் குட்டும் வெளியே போகாது என்று நான் இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்திருந்தேன். என் வீட்டுக்காரி அப்போது உயிரோடு இருந்தாள். பட்டறைக்கு வந்த மண்டோர் முன்னால் தேநீரை வைத்துவிட்டு, "ஏண்ணே, போயும் போயும் அடிக்கடி படுக்கிற காரையா?" என்று அவள்தான் கேட்டாள். விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டுக் காலமெல்லாம் ஆட்களை வேலைக்கு எடுத்தவர், யோசிக்காமல் சொன்னார்:

"டிரசர்கிட்ட அடிக்கடி போறவன் மறுநாள் பெரட்டுக்கு வந்துருவான், தங்கச்சி. எனக்கு நோவே இல்லன்னு திரியிறவன் ஒரு தடவ படுத்தா எந்திரிக்கவே மாட்டான்."

வெள்ளைக் கார் நின்று நின்று ஓடி மண்டோருக்கும் எனக்கும் பல வருஷம் சோறு போட்டது. கெர்லிங்கிலிருந்து கட்டி இழுத்து வந்த நீலக் காரோ, சாமான் வராமல், பழுதே ஆகாத கார் என்ற நல்ல பெயரோடு, என் வாழைமரத்தடியில் கடைசிவரை நின்றது.