சிவசைலம் விமானத்தை விட்டு இறங்கிய காலை

1944ஆம் வருஷம். பர்மா எல்லையில் மூங்கில் காட்டை வெட்டிப் போட்ட விமானத்தளம் ஒன்றில், தென்காசி சிவசைலம் எட்டு மாதமாகப் போர் விமானியாகப் பறந்துகொண்டிருந்தான். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சில நாள் மூன்று.

வந்த புதிதில், ஏறுமுன் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவான். சக்கரத்தைத் தட்டுவான். பெட்ரோல் மூடியைத் தானே திறந்து பார்ப்பான். “மாப்பிள்ளை பொண்ணு பாக்க வந்த மாதிரில்லா பாக்குதாரு” என்று மெக்கானிக் இசக்கியப்பன் சிரிப்பான். அவனுக்கும் ஊர் தென்காசிப் பக்கம்தான், பாவூர்சத்திரம்.

மழைக்காலம் தொடங்கியதும் அந்தச் சுற்று பாதியாகி, பிறகு நின்றே போனது. சிவசைலத்துக்குப் பயம் விட்டுப்போகவில்லை, பயப்படக்கூடத் தெம்பில்லை. கண்ணை மூடினால் குற்றாலத்துப் பேரருவி இரையும். ஒரு தடவை அதற்குத் தலையைக் கொடுத்து நின்றால் போதும், பிறகு என்ன ஆனாலும் சரி என்றிருக்கும். மனைவி கல்யாணசுந்தரியின் கடிதங்களைப் பிரிப்பதையும் விட்டுவிட்டான். பிரித்தால் ஊர் இழுக்கும்.

ஒரு காலையில் அவன் ஏறி உட்கார்ந்ததும் இசக்கியப்பன் விமானத்துக்கு முன்னால் வந்து நின்றான்.

“பெட்ரோல் பாத்தியளா, சார்?”

“பாத்தாச்சு. வெலகு.”

“பெட்ரோல் வண்டியே இன்னும் வரல, சார்.”

சிவசைலம் பெட்ரோல் முள்ளைப் பார்த்தான்; காலி. பொய் சொல்கிறோம் என்றுகூடத் தெரியாமல் சொல்லியிருந்தான். இறங்கினான். நேரே ராணுவ டாக்டரிடம் போய், “என்னால் முடியவில்லை” என்றான். பயந்தாங்கொள்ளி என்று சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேர் அவன் காதுபடப் பேசினார்கள். டாக்டர் அப்படி நினைக்கவில்லை. ஒரு மாதம் லீவு; அதற்குப் பிறகு தரையில்தான் வேலை என்று எழுதிக் கொடுத்தார்.

குற்றாலத்தில் சாரல் காலம். வாடகைக்கு எடுத்த வீட்டில் மூன்று நாள் தூங்கினான். நாலாம் நாள் அருவியில் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தான். கல்யாணசுந்தரி துண்டை நீட்டினாள்.

“இனி பறக்கவே விடமாட்டாவளா?”

“விடமாட்டாங்க.”

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அவன் துண்டை வாங்காமல் மலை உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அங்கன என்ன பாக்குதிய?”

“அந்த மேகத்துக்கு மேல இப்ப நல்ல வெயிலு அடிக்கும், சுந்தரி.”

அவளும் அண்ணாந்து பார்த்தாள். மேகம்தான் தெரிந்தது. எக்கி நின்று அவன் தலையைத் தானே துவட்டிவிடத் தொடங்கினாள்.