சும்மா இருந்த பிறக்கிராசி

பிறக்கிராசியாகச் சத்தியம் செய்து வழக்குப் பேச இறங்கிய புதிதில் எனக்கு இரண்டு நோய்கள் இருந்தன. ஒன்று மானிப்பாயில் தைப்பித்த கறுப்புக் கோட்டு. மற்றது ஊருக்கு உபகாரம் செய்யவேண்டும் என்ற ஆசை. கோட்டு வெயிலில் அவித்தது. ஆசை அதைவிட மோசம்.

எங்கள் ஊர்ச் சனம் காணி வழக்கென்றால் விடிய முதல் பஸ் ஏறிப் பட்டினம் போகும். யாரைப் பிடிப்பதென்று தெரியாமல் நீதிமன்ற வாசலில் ஒரு தரகனிடம் மாட்டுப்படும். இங்கிலீசில் நடக்கிற விசாரணையில் தன் பெயர் மட்டும் விளங்கி, வழக்கு இன்னொரு தவணைக்குப் போய்விட்டது என்று கேட்டுத் திரும்பி வரும். இதையெல்லாம் நான் ஒருவனே மாற்றிவிடுவேன் என்று தீர்மானித்தேன். வாசிகசாலை வாசலில் ‘இலவச சட்ட ஆலோசனை, ஞாயிறு காலை’ என்று ஒரு பலகை மாட்டினேன். எழுதியதும் நானே. எழுத்து கோணல்.

எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கள் எதிரேயிருந்த தேத்தண்ணிக் கடைக்காரரிடம் பலகையில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். இலவசம் என்பது புத்தகச் சொல் அல்லவா? மனுஷன் சனத்துக்கு விளங்குகிற பாஷையில் சொன்னார்.

“பிறக்கிராசியார் ஞாயிற்றுக்கிழமையிலை சும்மா இருக்கிறாராம்.”

காசு வாங்காவிட்டாலும் சும்மாதான், வேலை இல்லாவிட்டாலும் சும்மாதான். ஊர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. அம்மா கோயிலிலிருந்து கலங்கிய கண்ணோடு வந்து, உனக்கு வழக்கொன்றும் வருவதில்லையா என்று கேட்டார். எனக்கு நடந்துகொண்டிருந்த கலியாணப் பேச்சும் குழம்பியது. பெண் வீட்டார் யோசிக்க வேண்டுமாம். வாசிகசாலைக்கு வந்தவர்கள் பத்திரிகையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், போனார்கள். ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுத கதை என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பலகையைக் கழற்றி அடுப்பில் வைக்க வேண்டியதுதான் என்று இருந்த ஞாயிறு ஒரு அக்கா வந்தார்.

அவர் புருஷனை இழந்தவர். பிள்ளைகளை வைத்துக்கொண்டு தோட்டத்தில் புகையிலை நட்டிருந்தார். தோட்டத்துக்குப் பங்குக் கிணறு. அதில் முறைவைத்து இறைக்கும் உரிமை அவருக்குக் காணி உறுதிப் பத்திரத்திலேயே இருந்தது. ஆனால் புருஷனின் தமையன், தம்பி செத்த பிறகு அந்த முறையையும் தனதாக்கிக்கொண்டார். துலாவில் ஏறி மிதித்துத் தண்ணீர் இறைக்க அக்கா கூப்பிடும் ஆட்களை மிரட்டித் துரத்தினார். கன்றுகள் வாடத் தொடங்கியிருந்தன. அவை போனால் அந்த வருஷம் அந்த வீட்டில் அடுப்பு எரிய வேறு வழி இல்லை.

எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை! கடைசியில் ஒரு வழக்கு! தேசவழமை, பங்குரிமை, தடை உத்தரவு என்று வெளுத்து வாங்கினேன். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வழக்கு முடிய எவ்வளவு காலம் செல்லும் என்றார். தவணை, மேன்முறையீடு என்று இழுத்தேன்.

“அதுக்கிடையிலை புகையிலைக் கண்டு செத்துப்போம், தம்பி. நீங்கள் சும்மாதானே இருக்கிறியளாம். நாளைக்கு என்ரை முறை. உந்தக் கோட்டையும் போட்டுக்கொண்டு கிணத்தடியிலை வந்து இருங்கோ.”

எனக்கு மூக்கு நுனியில் கோபம். காகம் கலைக்கிற வெருளியாகத் தோட்டத்தில் நிற்கவா இவ்வளவு படித்தேன்? அப்படியே கேட்க வாயெடுத்தேன். அக்கா சிரிக்கவில்லை. பகிடியாகவும் கேட்கவில்லை. பதிலுக்காக நின்றார். வாறன் என்றேன்.

மறுநாள் காலை கிணற்றுக்கட்டில் கோட்டோடு குந்தியிருந்தேன். என்னைக் கண்ட தைரியத்தில் ஆட்கள் துலாவில் ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் தமையனார் தோட்டத்துக்கு வரும் ஒழுங்கையால் வீச்சு நடையில் வந்தார். அவருக்கென்று நான் பாடமாக்கி வைத்திருந்த பேச்சு அருமையானது. அவர் கிட்ட வந்ததும் அதில் ஒரு சொல்கூட மிஞ்சவில்லை.

“என்ன தம்பி, இந்தப் பக்கம்?”

“சும்மா” என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. பிறக்கிராசி ஒருவன் ஓரிடத்துக்குச் சும்மா வருவான் என்று நம்ப அவருக்கென்ன பைத்தியமா? வழக்குப் போட்டாகிவிட்டதா என்று கேட்டார். நான் கோட்டுப் பொத்தானைப் பூட்டினேன். அதையும் என் கெட்டித்தனம் என்று எடுத்துக்கொண்டு, துலாவை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். ஓலைப் பட்டையில் இறைத்த தண்ணீர் வாய்க்காலில் ஓடியது.

அடுத்த முறைக்கும் வரச்சொன்னார் அக்கா. போனேன். இடையில் வழக்கையும் போட்டேன். அது தவணை தவணையாக ஊர்ந்தது. கோட்டின் முதுகு வெளிறியது. சும்மா இருக்கிற பிறக்கிராசி என்ற பெயர் ஊரில் நிலைத்துப்போய், வேலித் தகராறுக்கும் ஒழுங்கைத் தகராறுக்கும் வந்து இருக்கச்சொல்லிச் சனம் கூப்பிட்டது. பலகையில் எழுதிய ஆலோசனையை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அந்தப் போகப் புகையிலை வெட்டி, அடுத்த போகத்துக்குக் கன்று நட்ட பிறகுதான் தீர்ப்பு வந்தது. வென்றோம்! தோட்டத்துக்கே ஓடிப்போய், தீர்ப்பைத் தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

“நல்லது தம்பி. அப்ப, இனி நீங்கள் வராட்டிலும் தண்ணி வருமோ?”

“ஓம், வரும்” என்றேன்.

அடுத்த முறைக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.