அணைத் தண்ணீருக்கு அடியில் ஒரு பள்ளம்

பல் செட் செய்வது அவர் தொழில். அதனால் எல்லோருக்கும் அவர் பல்காரர். பகலெல்லாம் பிறர் வாய்க்குப் பல் இழைக்கிற கை, வீட்டுக்கு வந்தால் மலை இழைக்கும். பழைய போர்க்களங்களை மேசைமேல் கட்டி, பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டி விளையாடுவது அவருடைய பைத்தியம். எதிராளி எப்போதும் மனைவியின் அண்ணன்தான். ஓய்வுபெற்ற லாரி டிரைவர். தோற்றால் பகடையைத் திட்டுவார், ஜெயித்தால் தன் மூளையைப் புகழ்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மச்சான் கேட்டார்: "மாப்ளே, எங்கப்பா செத்த இடத்தக் கட்டித் தர முடியுமா?"

அப்பா சிப்பாய். ஒரு பாலத்தைக் காத்து நின்ற சின்னப் படையோடு செத்துப்போனார். உடல்கூட வரவில்லை. அப்போது தங்கை அம்மா வயிற்றில். 'சுத்தி வளைச்சுட்டாங்க, தப்பிக்க வழியே இல்ல' என்று யாரோ வந்து சொன்னதை வைத்துத்தான் அந்தக் குடும்பம் மனசைத் தேற்றிக்கொண்டது.

அந்தப் பள்ளத்தாக்கில் பிற்பாடு அணை கட்டிவிட்டார்கள். சாட்டிலைட் படத்தில் எங்கே பார்த்தாலும் தண்ணீர். பல்காரர் வருஷம் வருஷமாகப் பின்னால் போய்த் தேடினார். மழை பொய்த்த ஒரு கோடையின் படத்தில் அணை வற்றிக் கிடந்தது. சேற்றிலிருந்து பழைய சாலையும் பாலத்தின் தூண்களும் எட்டிப் பார்த்தன. பாலத்துக்குப் பின்னால் கறுப்பாக ஒரு கோடு வளைந்து போனது. அதையும் விடாமல் அட்டையில் வெட்டினார்.

மச்சான் அப்பா பக்கம் ஆடினார். நாலு பக்கமும் எதிரி. அவர் குனிந்து, மேசை மட்டத்துக்குக் கண்ணை வைத்தார்.

"இது என்ன மாப்ளே?"

"ஓடைப் பள்ளம் மச்சான்."

பொம்மைகளை ஒவ்வொன்றாக அதற்குள் இறக்கினார். எதிரி நின்ற மேட்டிலிருந்து எதுவும் தெரியவில்லை. ஒருத்தர் பாக்கியில்லாமல் வெளியே வந்துவிட்டார்கள். மச்சான் முகம் ஜெயித்த மாதிரியே இல்லை.

"வழி இருந்திருக்கே."

"அணைத் தண்ணி அரிச்ச பள்ளமா இருக்கும். பழைய மேப்பப் பாத்துச் சொல்றேன்" என்றார் பல்காரர்.

இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே தேடினார். அணைக்கு முந்தைய நில அளவை வரைபடம் ஒன்று கிடைத்தது. அதில் பள்ளம் தெளிவாக இருந்தது, பாலத்தடியிலிருந்து காடு வரைக்கும்.

"இல்லன்னு சொல்லிடுங்க" என்றாள் மனைவி. அழுதிருந்தாள்.

அப்படிச் சொல்லத்தான் போனார். கதவைத் திறந்த மச்சான் முகத்தைப் பார்த்தே கேட்டார்: "இருந்துச்சுல்ல?"

பொய் வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. "இருந்துச்சு மச்சான்."

மச்சான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "வர முடியாமத்தான் வரலன்னு இத்தன வருஷம் நெனச்சுட்டிருந்தேன். பாக்காம விட்டாரா, பாத்தும் நின்னாரா?"

"அது மேப்புல இல்ல மச்சான்."

அதன்பின் அவர் விளையாட வரவில்லை. போன் பண்ணினால் முழங்கால் வலியைப் பற்றியே பேசுவார். ஒருநாள் தங்கையிடம் மட்டும் சொன்னார்: "மாப்ள மேல கோவமில்லம்மா. அந்த மேசையப் பாத்தா அப்பாவத் தூக்கிப் பள்ளத்துல விடத்தான் கை போகுது. அதான் வரல."

அவள் வந்து சொன்னதும் பல்காரர் எழுந்துபோய் மேசைமேல் இருந்த போர்க்களப் பலகையைப் பிரிக்க ஆரம்பித்தார். அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.