தாதி எழுதித் தந்த துண்டு

போர்க்காலத்தில் கொழும்பு வெள்ளவத்தைச் சிகிச்சை நிலையமொன்றில் நான் கண்ட தாதி, எவர் வந்தாலும் முதலில் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதங்களைப் பார்ப்பார். எனக்கு அப்போது சீனி வருத்தம் என்கிற நீரிழிவு தொடங்கியிருந்தது.

"ஐயா, நடக்கிறனீங்களோ?"

"எங்க மிஸ்ஸி நடக்கிறது? றோட்டில இறங்கினால் ஆமி பிடிக்கிறான்."

"ஆமி பிடிச்சாலும் விடுவான். சீனி பிடிச்சால் காலை எடுத்துப்போட்டுத்தான் விடும். மறிச்சால் இதைக் காட்டுங்கோ" என்று சிங்களத்தில் ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தந்தார்.

மறுநாள் கடற்கரையோரம் மறித்த சிப்பாய் அதை வாசித்தான். என் கால்களை ஒருமுறை பார்த்துவிட்டு வழிவிட்டான். அன்றிலிருந்து நாள்தோறும் நடந்தேன்.

சிங்களம் வாசிக்கத் தெரியாத நான், பல்லாண்டுகளின் பின்னரே அயலவரொருவரைக் கொண்டு அதனை வாசிப்பித்தேன். "என் தந்தை இந்நோயால் காலை இழந்தவர். இவரையாவது நடக்க விடுங்கள்" என்றிருந்தது.

இன்றும் இரு கால்களாலும் நடக்கிறேன். அந்தத் தாதியின் தந்தை நடவாத தூரத்தையும் சேர்த்தே நடக்கிறேனோ என எண்ணுவதுண்டு.